என் வேட்டியில் ஓடிய ஃபேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்டவன் நான். அப்படியிருந்தும் திருவொற்றியூரில் சொந்தமாக முலாம் பட்டறை போட்டேன். காலடிப்பேட்டையில் மாடி வீடு கட்டினேன். (மாடிப்படி கொஞ்சம் கோணல். கொத்தனாரைத் துரத்திவிட்டு நானே கட்டியது.) மகள் ஸ்டெல்லாவை ஆராய்ச்சி வரை படிக்க வைத்தேன். அந்த ஆராய்ச்சியை ஒரே காலையில் வடிகட்டியவனும் நானே.

என் பட்டறைச் சாக்கடைச் சேற்றிலிருந்துதான் அவள் பாக்டீரியா எடுத்தாள். பல்லேடியம் உப்புக் கரைசலில் விட்டால் அது உப்பை உலோகமாக்கி, கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தன் உடம்பில் ஒட்டிக்கொள்ளுமாம். அந்தப் பொடியை ஃபியூயல் செல்லில் வைத்தால் ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் வருமாம். கரைசல் பாட்டிலுக்கு ராத்திரி முழுக்க இளஞ்சூடு வேண்டும், கல்லூரியிலோ கரண்ட் கட். அதனால் ஜெனரேட்டர் உள்ள என் பட்டறையில் பாட்டிலை வைத்தாள். மறுநாள் அவளுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்கும் மேடம் வந்து எடுத்துப்போய், பெரிய ஆட்கள் முன் குட்டி ஃபேன் ஒன்றைச் சுற்றவைக்க வேண்டும். வருஷக்கணக்கான உழைப்பு, இருந்ததோ அந்த ஒரே பாட்டில்.

"நைனா, இத்த தொடாத."

"நான் இன்னாத்துக்குமா தொடப்போறேன்?"

காலையில் பார்த்தால் பாட்டில் முழுக்கக் கறுப்பு! எங்கள் தொழிலில் உலோகம் பளபளக்க வேண்டும், கறுத்தால் கெட்டது. கெட்ட கரைசலைத் துணியில் வடிகட்டித் தெளியவைப்போம். பெற்ற மனசு சும்மா இருக்குமா? ஈஸ்டருக்கு எடுத்த புது வேட்டியை நாலாக மடித்து அதில் வடிகட்டி, வேட்டியை ஜெனரேட்டர் பக்கம் கொடியில் போட்டேன்.

மேடம் வந்ததும், திருப்பலியில் ஃபாதர் கிண்ணத்தைத் தூக்குவதுபோல் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

"நைனா, கறுப்பு எங்க?"

"கலீஜா இருந்துச்சு, வடிகட்டிட்டேன். பாரு, பன்னீர் மாதிரி கீது!"

ஸ்டெல்லா ஆசிட் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கறுப்புதான் நைனா உலோகம்! உன்ன வச்சிகினு நான் இன்னா பண்றது?"

மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். "சார், அந்த வேட்டி வேணும்."

நான் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டிகினு கீறது இல்ல நைனா, கொடியில கீறது!"

வேட்டியை வெட்டி, கறையைச் சுரண்டினார்கள். பாதிதான் தேறியது. சாயங்காலம் ஃபேன் சுற்றியது. மெதுவாகத்தான், ஆனால் சுற்றியது.

இன்றும் சாம்பார் அடிப்பிடித்தால் என் மனைவி பிலோமினா, "கொட்டாதடி ஸ்டெல்லா, உங்கப்பன் வேட்டியில வடிச்சா ஃபேன் சுத்தும்" என்பாள்.

ஸ்டெல்லாவின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் மேடத்துக்கு நன்றி, கல்லூரிக்கு நன்றி, கர்த்தருக்கு நன்றி. எனக்கு? சாக்கடை என்னுடையது, ஜெனரேட்டர் என்னுடையது, வேட்டியும் என்னுடையது. அச்சாகிவிட்டதாம், இனி சேர்க்க முடியாதாம். கையால் எழுதட்டும். பேனா நான் தருகிறேன்.