நாற்பத்தெட்டு நாள் அரிஷ்டம்

ரிட்டயர்டு ஹவில்தார் வல்லரசு எல்லையில் நின்று குண்டுச் சத்தம் கேட்டவர்தான். ஆனால் ராஜபாளையத்து வீட்டில் பொண்டாட்டி செல்வலட்சுமி மூக்கை உறிஞ்சினால் போதும், மனுசர் அட்டென்ஷனில் விறைத்து நின்றுவிடுவார். "இன்னொரு வாட்டி குடிச்ச வாடை வந்துச்சு, மிலிட்டரி கேன்டீன் கார்டு அடுப்புக்குள்ள போயிரும்" என்று பொங்கலன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள், பாவி மக.

கார்டு போனால் மலிவு விலைச் சரக்கும் போச்சு, பொறவு பட்டாளத்தில் இருபது வருசம் மாரடித்து என்ன பிரயோசனம்?

இந்தத் தடவை மூளையைக் கசக்கினார். ரம் வேண்டாம், அது ஊரைக் கூட்டிவிடும். கேன்டீனில் ஒரு சிவப்பு ஒயின் மலிவாகக் கிடைத்தது. நாலு வகைத் திராட்சை கலந்த சரக்கு. மூடியைத் திறந்ததுமே நாவல்பழ வாசம். பின்னாலேயே மிளகு, கிராம்பு, துளி பட்டை. தொண்டையில் இறங்கும்போது சுருக்கென்று ஒரு காரம். அடடா! அதை அப்படியே ஒரு காலி அரிஷ்ட மருந்து பாட்டிலுக்கு மாற்றினார். அரிஷ்டமும் திராட்சையும் கிராம்பும்தானே, எந்த மூக்குக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்பில் மட்டன் சுக்கா சுருண்டுகொண்டிருந்தது. செல்வலட்சுமி பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னங்க?"

"மருந்துட்டி. வயிறு மந்தமா இருக்குல்லா. மடவார் வளாகத்து வைத்தியர் குடுத்தாரு."

மூடியைத் திறந்தாள். மோந்தாள். இன்னொரு தரம் மோந்தாள்.

"கிராம்பு தூக்கலா இருக்கே. பத்தியம் என்ன சொன்னாரு?"

"பத்தியமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பத்தியம் சொல்லாத வைத்தியரா? நம்பரக் குடுங்க, நானே கேக்கேன்." செல்லைக் கையில் எடுத்தேவிட்டாள்.

வல்லரசு பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "இருக்கு, இருக்கு! மறந்துட்டேன். காரம், புளி, கறி ஆகாதாம்."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒரு... நாப்பத்தெட்டு நாளைக்கு."

ஐயோ, ஏழு நாள் என்று சொல்லியிருக்கக் கூடாதா!

கிண்ணத்தில் வெறுங்கஞ்சி வந்தது. மருந்துக்கு அளவு உண்டே என்று பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையால் ஒரே ஒரு தரம் ஊற்றிக் கொடுத்தாள். நாக்கு நனையவில்லை. அவளோ தனக்குச் சுக்காவை அள்ளி வைத்துக்கொண்டு, பக்கத்தில் டம்ளர் நிறைய அரிஷ்டத்தைச் சரித்தாள்.

"ஏட்டி! நீ எதுக்குக் குடிக்க?"

"எனக்கும் ரெண்டு நாளா வயிறு மந்தந்தான்."

"அப்போ பத்தியம்?"

"அது உங்களுக்குச் சொன்னது. எனக்கு என்னன்னு போன் போட்டுக் கேப்பமா?"

வாயைத் திறந்து ஒயின் என்று சொன்னால் கார்டு சாம்பல். கண்ணெதிரே பாதி பாட்டில் காலியாகிக்கொண்டிருந்தது.

ஒரு துண்டுக் கறி, ஒரு மடக்கு. செல்வலட்சுமி கண்ணை மூடி ரசித்தாள். "மிளகு வாசம் சுக்காவுக்கு நல்லாத்தான் எடுக்கு. ஏங்க, அடுத்த வாட்டி மருந்து வாங்கையில கேன்டீன் பில்லச் சட்டைப் பையிலயே விட்டுறாதீங்க, துவைக்கையில துணியெல்லாம் ஒட்டிக்கிடுது."