ஃபேர்-கோ அண்ணனும் ஆறு டச்சும்

சிட்னியில் ஃபுட்டி பார்க்கிற லட்சக்கணக்கான ஜனங்களில், தன்னுடைய அணி ஜெயித்துவிட்டதே என்ற துக்கத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத ஒரே மனிதர் எங்கள் ஃபேர்-கோ அண்ணன்தான்.

மெரிலேண்ட்ஸ் பக்கத்தில் ஒரு பார்சல் கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள வந்தவன். முதல் திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது, டிஃபன் பாக்ஸைத் திறக்காமலே ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஏதோ அசம்பாவிதம் என்று நினைத்து, "என்ன அண்ணே, ஏதாவது பிரச்சினையா?" என்றேன்.

"நேத்து எங்கட டீம் வெண்டுட்டுது தம்பி" என்றார், கண்ணில் கலக்கத்தோடு.

"நல்லதுதானே?"

"எப்பிடி வெண்டது எண்டு கேள்! மற்றவங்கள் பந்தைத் தொடவே இல்லை!"

விஷயம் இதுதான். சிட்னியில் ஃபுட்டி என்றால் ரக்பி லீக். எண்பது நிமிடம் ஆடியும் சமநிலை என்றால் கூடுதல் நேரம் தருவார்கள். அதில் யார் முதலில் ஒரு பாயிண்ட் எடுத்தாலும் ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. இதற்கு கோல்டன் பாயிண்ட் என்று பெயர். பந்து முதலில் யார் கைக்குப் போகிறது என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானிப்பார்கள். சுண்டியதில் அதிர்ஷ்டம் இல்லாதவன், எண்பது நிமிடம் எலும்பு நொறுங்க ஆடிவிட்டு, கூடுதல் நேரத்தில் பந்தை ஒருமுறைகூடக் கையில் வாங்காமல் தோற்றுப்போகலாம்.

ஊரெல்லாம் இதைப் பார்த்து எழுந்து நின்று கத்தும். அண்ணன் மட்டும் எழுந்து நின்று கண்டனம் தெரிவிப்பார்.

ஆஸ்திரேலியர்களுக்கு 'ஃபேர் கோ' என்று ஒரு பேச்சு உண்டு. அவனுக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கப்பா என்பதை அந்த இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அண்ணன் அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். அதனால் லெபனான்காரரான சூப்பர்வைசர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் ஃபேர்-கோ. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு யார் லீவு எடுப்பது என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். முதலில் பெயர் எழுதுகிற ஆறு பேருக்கு லீவு. ஒருமுறை காலை ஒன்பது மணிக்குத் தாள் ஒட்டப்பட்டது. ஒன்பது ஒன்றுக்கு அண்ணன் அதைக் கிழித்தெடுத்து, கதிரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஆறடி நான்கு அங்குலம். குனிந்து, "எழுந்திரு" என்றார்.

"மத்தியானம் வாற ஆக்களும் வரட்டும். ஃபேர் கோ."

"நான் எழுப்பினால் நீ எழுந்திருப்பாய்."

"எழுப்பு."

சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ்கூட தன் வேலை முடிந்ததைச் சொல்லத் தயங்கியது. ஐந்து மணி நேரம் அண்ணன் அந்தக் கதிரையை விட்டு அசையவில்லை, கழிவறைக்குக்கூட. மதிய ஷிஃப்ட் ஆட்கள் வந்து சேர்ந்தபின் எழுந்து, கசங்கிய தாளை நீட்டிவிட்டு ஓடினார் பாருங்கள், அந்த வேகத்தை எந்த ரக்பி வீரனிடமும் நான் கண்டதில்லை. குலுக்கிப் போட்டுத்தான் ஆறு பேரை எடுத்தார்கள். அண்ணனுக்கு லீவு விழவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அன்ரி, ஏதாவது சண்டையில் கடைசி வார்த்தை சொல்லிவிட்டு குசினிக்குள் போனால், இவர் பின்னாலேயே போவார். "நீர் சொல்லிப்போட்டீர். இப்ப எனக்கு ஒரு சான்ஸ் வேணும்."

அன்ரி திரும்பியே பார்க்கமாட்டார். "இது கோல்டன் பாயிண்ட். போய் வெங்காயத்தை உரியுங்கோ."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எங்கள் தமிழ்ச் சங்கம், ஆண்டு விளையாட்டு விழாவுக்கு விதிமுறை எழுதும் வேலையைக் கொடுத்தது. பெண்களுக்கான டச் ஃபுட்பால் போட்டி அதில் முக்கியம். ரக்பி மாதிரிதான், ஆனால் கீழே தள்ளக் கூடாது. பந்து வைத்திருப்பவரை எதிரணி தொட்டால் நின்றுவிட வேண்டும். ஆறு தடவை தொடப்படுவதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் ஒரு பாயிண்ட். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு.

அண்ணன் பன்னிரண்டு பக்கம் எழுதினார். டைப் செய்தவன் நான். தலைவர் அங்கிள் கையில் எடுத்து எடை பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் பக்கத்தில் இருந்த விதி இது: ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முதல் அணிக்கு ஆறு டச், அவர்கள் பாயிண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இரண்டாவது அணிக்கும் ஆறு டச், அதற்குப் பிறகே முடிவு, அப்போதும் சமநிலை என்றால் மறுபடி அதே வரிசையில். இந்த விதியை முழுசாகப் படித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். எழுதியவரும், டைப் செய்தவனும்.

இறுதிப் போட்டிக்கு வந்தது மெரிலேண்ட்ஸ் அணியும் பிளாக்டவுன் அணியும். மெரிலேண்ட்ஸ் கேப்டன் தர்சினி, அண்ணனின் ஒரே மகள். பிசியோதெரபிஸ்ட். இதற்கு முன் மூன்று வருடமும் இறுதிவரை வந்து தோற்றவள். ஊரார் முழங்காலையெல்லாம் சரிசெய்கிறவளுக்குத் தன் வலது முழங்கால் போய்விட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்குப்பின் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அவளுக்கு இதுதான் கடைசி ஆட்டம்.

நானும் அண்ணனும் ஸ்கோர் மேசையில் இருந்தோம். ஆட்டம் நான்குக்கு நான்கு என்று முடிந்தது. பக்கத்து கிளப்பிலிருந்து இரவலாக வந்திருந்த நியூசிலாந்துக்கார ரெஃபரி நாணயத்தைச் சுண்டினார். பந்து மெரிலேண்ட்ஸுக்கு.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது டச்சில் தர்சினி நொண்டினாள். கோட்டோரத்தில் நின்ற அன்ரி கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது டச்சுக்குப் பிறகு பந்து அவள் கைக்கு வந்தது. வலது பக்கம் போவதுபோல் காட்டி, அந்த வலது காலையே ஊன்றித் திரும்பி, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து கோட்டில் விழுந்தாள். பாயிண்ட்!

ரெஃபரி நீளமாக விசில் ஊதினார். கை இரண்டையும் தூக்கி ஆட்டம் முடிந்தது என்றார். அவர் ஊரில் அதுதான் வழக்கம் போலிருக்கிறது. மெரிலேண்ட்ஸ் பெண்கள் தர்சினிமேல் குவிந்தார்கள். பிளாக்டவுன் பெண்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு போட்டாயிற்று. தலைவர் அங்கிள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாயிற்று. ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

அவர் முகத்தில் அன்று நான் கண்டதை எழுதத் தெரியவில்லை. விதிமுறைத் தாள் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்து, வாயைக் காது பக்கம் கொண்டுபோய், "அண்ணே, விட்டுடுங்க. யாருக்கும் தெரியாது" என்றேன்.

"உனக்குத் தெரியுமே" என்றார்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியமா."

மைதானத்தில் மகளைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அவள் இந்தப் பக்கம் திரும்பி, "அப்பா!" என்று கையை ஆட்டினாள். அவரும் பாதி உயரம் கையைத் தூக்கினார். பிறகு அந்தக் கை இறங்கிச் சட்டைப் பைக்குள் போனது. என் பிடி தானாகவே விட்டுப்போயிற்று.

செருப்புக் காலோடு மைதானத்துக்குள் நடந்தார். நடுவில் நின்று ரெஃபரியிடம் ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ரெஃபரி இரண்டு தடவை படித்தார். தலைவர் அங்கிளிடம் காட்டினார். அங்கிள் தன் கையெழுத்தையே போலிக் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாட்டு நின்றது.

தர்சினி தோளிலிருந்து இறங்கினாள். "அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?"

"அவைக்கும் ஆறு டச் இருக்கு பிள்ளை."

"சீரியஸ்லி?"

"ஓம்."

அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள், நொண்டிக்கொண்டே.

பிளாக்டவுன் பெண்கள் எழுந்தார்கள். அப்புறம் நடந்ததை நான் விரல் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். ஐந்து டச் வரை பந்து நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. ஆறாவதில் எப்படியும் போட்டாக வேண்டும் என்று ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் நீளமாக எறிந்தாள். ஓரத்தில் ஓடிவந்த ஒருத்தி அதை விரல் நுனியில் பிடித்து, யார் கைக்கும் சிக்காமல் ஓடிக் கோட்டில் விழுந்தாள். பாயிண்ட். மறுபடி சமநிலை.

இரண்டாவது சுற்று. மெரிலேண்ட்ஸ் மூன்றாவது டச்சில் பந்தைத் தவறவிட்டது. பிளாக்டவுன் நிதானமாக நடந்துபோய் நான்காவது டச்சில் வைத்தது. ஆட்டம் முடிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

தர்சினி பிளாக்டவுன் கேப்டனுக்குக் கை கொடுத்தாள். பிறகு அப்பாவிடம் வந்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அமைதியாகத்தான் கேட்டாள்.

"அப்பா, செகண்டா ஆடினவைக்கு என்ன வேணும் எண்டு முதலே தெரியும். போட்டாத்தான் தப்பலாம் எண்டு தெரிஞ்சபடியால்தான் அப்பிடி எறிஞ்சவை. எங்களுக்கு ஒண்டும் தெரியாது. அது ஃபேரா?"

அண்ணன் ஒன்பதாம் பக்கத்தை மறுபடி பிரித்தார். அவள் அம்மாவோடு காரில் ஏறிப் போய்விட்டாள். அண்ணன் என் காரில் வந்தார். வழி முழுக்க உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "தம்பி, ரூல் பிழை" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கிடங்கில் 'ஃபேர் கோ' என்ற சத்தமே இல்லை. வரிசையில் யாரோ அவரை முந்திக்கொண்டு மைக்ரோவேவில் சாப்பாட்டை வைத்தார்கள், பேசாமல் நின்றார். சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்து, "அவனை டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு காலை அன்ரி ஃபோன் செய்தார். "தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. குசினிக்குள்ள என்னைச் சமைக்க விடுகினம் இல்லை."

பதறிக்கொண்டு போனேன். குசினி மேசை முழுக்க உருளைக்கிழங்கும் வெங்காயமும். உருளைக்கிழங்கு மெரிலேண்ட்ஸ், வெங்காயம் பிளாக்டவுன். ஆபரேஷன் ஆன காலை ஒரு கதிரையில் நீட்டிப் போட்டுக்கொண்டு தர்சினி ஒரு பக்கம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் மறுபக்கம்.

"ரெண்டாம் ரவுண்டில வரிசையை மாத்தினா?" என்றார் அவர்.

"அப்ப மூணாம் ரவுண்டில ஆர் முதல்?" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஆடினா?"

"ரெண்டு பந்தா? அப்பா, ப்ளீஸ்!"

பேச்சுவார்த்தை நின்றுபோன வீடு என்று நினைத்து வந்தேன். பேச்சு ஓயாத வீடாக இருந்தது. மூன்று மணி நேரம் இருந்தேன். ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஒரு தடவை தர்சினி, "சரி, அந்த நாள் நீங்க பேசாமல் இருந்திருந்தா நான் வெண்டிருப்பன்" என்றாள். அண்ணன் கிழங்கை நகர்த்துவதை நிறுத்தினார். அவள் அவரையே பார்த்துவிட்டு, "பிறகு ஒவ்வொரு வருசமும் அந்தக் கப்பைப் பாத்து நீங்க சாப்பிடாமல் கிடந்திருப்பீங்க. ஆர் அதைப் பாக்கிறது?" என்று ஒரு வெங்காயத்தை அவர் பக்கம் உருட்டினாள். நான் புறப்பட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அன்ரி மட்டும் வாசல்வரை வந்து, மதியச் சாப்பாட்டுக்கு வழியில்லாததால் என்னிடம் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

நான் வேலை மாறி மெல்பர்னுக்கு வந்து, வெரிபீயில் வீடு பிடித்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே ஃபுட்டி என்றால் அது வேறொரு ஆட்டம். எனக்கு அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. ஆனால் வாரக் கடைசியில், சிட்னியில் எங்கேயாவது ஓர் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டால் என் ஃபோன் அடிக்கும். எடுத்ததும், வணக்கம்கூட இல்லாமல், அந்தக் குரல் மூச்சிரைக்கக் கேட்கும்: "தம்பி, பாக்கிறியே?"

"பாத்துக்கிட்டே இருக்கேண்ணே" என்பேன். சொல்லிவிட்டு, டிவியின் ரிமோட் எங்கே என்று தேடத் தொடங்குவேன்.