வெள்ளை வண்டிக்கு நான்கு சீட்டு

அந்த வெள்ளை கேம்பர்வேன், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள சுற்றுலா வண்டி, திங்கட்கிழமை காலையிலும் நகரவில்லை. ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடும் இடத்தில், சொந்த வீட்டு வாசல் மாதிரி திரைச்சீலை போட்டு நின்றது. எதிரே வந்த தபால் வேன் கால் மைல் ரிவர்ஸிலேயே போகவேண்டியதாயிற்று. டோர்மட் தன் வீட்டு ஜன்னலில் நின்று பல்லைக் கடித்தார்.

ஸ்கார்ணே தீவின் மேய்ச்சல் நிலக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். ஆனால் அவருடைய கவலை ஆடுகளைப் பற்றியதல்ல, மனைவி டொலினாவின் காலைப் பற்றியது. அதில் ஆறாத புண். தீவில் நர்ஸ் இல்லாமல் பதினான்கு மாதம். கட்டு மாற்ற வாரம் ஒருமுறை கப்பலேறி அக்கரைக்குப் போய்வந்தார்கள். குளிர்காலத்துக்குள் நர்ஸ் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளாஸ்கோவில் மகளுடைய நான்காவது மாடிக்குப் போய்விடச் சொல்லியிருந்தார் டாக்டர். டோர்மட் எழுதாத கடிதமில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்து, வருகிற திங்கள் வேலையில் சேர்வதாகத் தகவல் வந்திருந்தது.

அந்த நர்ஸ் வரும்போது ஊர் லட்சணமாக இருக்க வேண்டாமா? வழியெல்லாம் வண்டிகளைக் கண்டால் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட மாட்டாரா?

"நேரா போய் யாரு என்னன்னு கேளேன்," என்றாள் டொலினா.

"முன்பின் தெரியாதவங்ககிட்ட போய் யாரு, எதுக்கு வந்தேன்னு கேக்கறதா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல."

அது உண்மை. ஸ்கார்ணேயில் வானிலையைப் பற்றி மூன்று தடவை பேசாமல் ஒருவர் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். ஆகவே டோர்மட் மரியாதையாக ஒரு சீட்டு எழுதி, மழைத் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு வந்தார். இது ஒதுங்குமிடம், தயவுசெய்து கடலோரப் புல்வெளிக்குப் போகவும். சீட்டின் பின்பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதி வந்தது, வண்டியும் அங்கே போயிற்று.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒரு வண்டி நிற்பதைப் பார்த்து, செவ்வாய் சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு வண்டிகள் வந்து சேர்ந்தன. ஆட்காட்டிக் குருவிகள் முட்டையிட்டிருந்த இடத்தில் ஜெர்மன்காரர் ஒருவர் கறி வாட்டினார். மற்றவர்களை டிராக்டர் ஓட்டி மிரட்டி அனுப்பிய டோர்மட், வெள்ளை வண்டிக்கு மட்டும் இரண்டாவது சீட்டு வைத்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் இடமிருக்கிறது, குழாயும் இருக்கிறது.

புதன்கிழமை மர்டினா கிழவியின் அடக்கம் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. வாசலில் வெள்ளை வண்டி நின்றதால் சவ வண்டி திரும்ப இடமில்லை. ஆண்கள் முறைவைத்துப் பெட்டியை அரை மைல் சுமந்தார்கள், மழையில். கனத்த கிழவி. எல்லோரும் சுமந்தபடியே டோர்மட்டைப் பார்த்தார்கள்.

வண்டிக்காரி, சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி போட்ட நடுவயதுப் பெண், தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றாள். பிறகு சுவரோரம் நொண்டிக்கொண்டு நின்ற டொலினாவுக்கு உள்ளேயிருந்து இரண்டு முக்காலி எடுத்துவந்து, ஒன்றில் உட்காரவைத்து, காலை மற்றதில் தூக்கி வைத்தாள்.

"நல்ல பொண்ணா தெரியுது," என்றாள் டொலினா வீட்டுக்கு வந்ததும்.

"நல்லவங்க வண்டியும் வழியைத்தான் அடைக்குது," என்றார் டோர்மட். அன்றே மூன்றாவது சீட்டு போயிற்று. துறைமுகத்துக்குப் போகவும்.

துறைமுகத்தில் அது நின்ற இடம் கப்பலேறும் வரிசை. வெள்ளிக்கிழமை ஆட்டு லாரி அதற்குப் பின்னால் நின்று நின்று கப்பலைத் தவறவிட்டது. நாற்பது ஆடுகள் கத்தின. லாரிக்காரன் அதைவிட அதிகம் கத்தினான், அதுவும் டோர்மட்டின் வீட்டு வாசலில் வந்து.

நான்காவது சீட்டை டோர்மட் அன்று சாயங்காலமே எழுதினார். நாளை மறுநாள் ஞாயிறு. இங்கே ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள், யாரும் வண்டியை அசைக்க மாட்டோம். ஆகவே நாளைக் கப்பலில் கிளம்புவதே எல்லோருக்கும் நல்லது. இந்தத் தடவை பின்பக்கம் ஒரே ஒரு சொல் எழுதி வந்தது: சரி.

சனிக்கிழமை வெயிலடித்தது. வெள்ளை வண்டி கப்பலுக்குள் ஏறுவதை டோர்மட் துறைமுகத்தில் நின்றே பார்த்தார். அந்தப் பெண் கை அசைத்தாள். அவரும் அசைத்தார். போகிறவர்களிடம் அவருக்கு எப்போதுமே பிரியம்தான். மனது லேசாகி, கப்பலுக்கு டிக்கெட் கொடுத்து, கயிறும் அவிழ்க்கும் யூவினிடம் வானிலை பேசினார். ஒருமுறை, இருமுறை, மும்முறை. பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு வாரமா பாடாப் பட்டேன் யூவின். இப்பதான் நிம்மதி. திங்கக்கிழமை நர்ஸ் வந்து இறங்கறப்போ ஊர் பளிச்சுன்னு இருக்கும்."

யூவின் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினான்.

"டிக்கெட்டுக்குப் பேரு, தொழில் எழுதணுமேன்னு நான் கேட்டேன் பெரியவரே. இப்ப போறாங்களே, அவங்கதான் நர்ஸ். எல்லா வீட்டையும் டூரிஸ்டுக்கு விட்டுட்டீங்களாம், குடியிருக்க வீடு கெடைக்காம வண்டியோட வந்தாங்களாம்."