நானூறு மீட்டர் நெடும்போர்

வாழ்க செந்நிற ஊர்தியின் கோமான்! ‘வலிக்காது’ என்ற ஒரே சொல்லால் ஆயிரம் தாடைகளைத் திறந்தவன், கடைவாய்ப் பற்களின் காலன், நடுங்காத விரல்களையுடைய பல் மருத்துவன் வாழ்க! அவனுக்கு எதிர்நின்ற கரிய ஊர்தியின் தலைவனும் வாழ்க! எண்ணற்ற குளியலறைகளுக்குத் தரை வழங்கிய டைல்ஸ் கடை வேந்தன், மருத்துவனின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி அவன்.

பகை மூண்டு ஏழு திங்கள் ஆகியிருந்தன. தம்பி புதுக் காரைக் காட்ட வந்த நாளில், "சத்தந்தான் போடும், மாப்ள. என் வண்டி முன்னாடி நகராது" என்று மருத்துவன் சிரித்தபடி எய்த சொல் அவன் நெஞ்சில் தைத்தது. அன்று திரும்பிப் போனவன் அக்காள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கடைசியில் பந்தயம் ஓட்டியே தீர்த்துக்கொள்வதென்று நாள் குறித்தபோது, இருவரும் தகராறின்றி ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தீர்ப்பு அக்காளுடையது. அந்த ஏழு திங்களும் அவள் தராசாகவே வாழ்ந்திருந்தாள். கணவனிடம் தம்பியைப் பற்றி ஒரு நல்ல சொல், தம்பியிடம் கணவனைப் பற்றி ஒரு நல்ல சொல், கூடாமல், குறையாமல். அவள் வேண்டியதெல்லாம் தம்பி மறுபடி வீட்டுக்கு வருவதுதான். ஆகவே எவன் வென்றாலும் ‘சமம்’ என்று முழங்குவதென முடிவுசெய்திருந்தாள்.

தொழிற்பேட்டைக்குள் போட்டு முடித்து இன்னும் திறக்காத நேர்சாலையே போர்க்களம். சாலை போட்ட ஒப்பந்தக்காரர் டைல்ஸ் கடையின் வாடிக்கையாளர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை அதன் சங்கிலி அவிழ்ந்தது. வீரர் இருவரும் வீட்டிலிருந்து கொணர்ந்த எடைக்கருவியின்மேல் செருப்பைக் கழற்றி ஏறினர். மருத்துவன் அறுபத்திரண்டு கிலோ. வேந்தன் தொண்ணூறு.

"இருபத்தெட்டு கிலோ வித்தியாசம், மாமா. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று பறைசாற்றிய வேந்தன், பதினான்கு கிலோ எடையுள்ள டைல்ஸ் பெட்டிகள் இரண்டைத் தன் கையாலேயே செந்நிற ஊர்தியின் டிக்கியில் ஏற்றினான்.

நானூறு மீட்டருக்கு அப்பால், சுண்ணாம்புக் கோட்டருகே அவள் நின்றாள். கைப்பேசியில் இருவரையும் சேர்த்தாள். ஒரே அழைப்பில் இரண்டு மூச்சுகள் கேட்டன. அதை ஏழு மாதமாகக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வர, எண்ணத் தொடங்கும் முன் ஒரு நொடி சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

இடியிரண்டு மண்ணில் இறங்கி உருண்டாற்போலவும், சினங்கொண்ட களிறுகள் இரண்டு ஒரே மதகின் வழி புகுந்தாற்போலவும், புகையெழுப்பி, சரளை சிதற, சாலையோரப் புல்லெல்லாம் தலைசாய்த்து வழிவிட, செந்நிற ஊர்தியும் கரிய ஊர்தியும் பன்னிரண்டே நொடிகளில் அவள் புடவைத் தலைப்பைப் பறித்துக்கொண்டு போவதுபோலக் கோட்டைக் கடந்தன.

ஒரு முழ வித்தியாசம். அவள் கண்ணாரக் கண்டாள்.

திரும்பி வந்து இறங்கிய இருவரும் அவள் வாயைப் பார்த்து நின்றனர். ‘சமம்’ நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது: சமமென்றால் இருவருக்கும் மானம் மிஞ்சும், மிஞ்சிய மானத்தோடு ஒருவன் இடப்புறமும் ஒருவன் வலப்புறமும் போய்விடுவான். இத்தனை நாளும் அவள் காத்த சமம் செய்ததும் அதையேதான். தோற்றவனோ வாதாடவாவது நிற்பான். உண்மையைச் சொல்வது உண்மைக்காக அல்ல என்று அவளுக்கே தெரிந்தது. சற்று வெட்கமாகவும் இருந்தது.

"நீ தோத்துட்டடா. ஒரு முழம்."

மருத்துவன் சிரிக்கவில்லை, சிரித்ததன் பலனை ஏழு மாதம் பார்த்தவன். வேந்தனோ செந்நிற ஊர்தியின் பின் சக்கரங்களை நெடுநேரம் உற்று நோக்கி, தலையில் கைவைத்தான்.

"மாமா! உங்களுது பின் சக்கரத்துல ஓடுற வண்டி. நான் ஏத்தின பெட்டி அது மேல உக்காந்து பிடிப்பு குடுத்திருக்கு. என் டைல்ஸ்தான் ஜெயிச்சிருக்கு!"

"எடை கூடினா வண்டி வேகமாப் போகுமா, மாப்ள? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?"

"இங்க வச்சுப் புரியாது. பேப்பர்ல படம் போட்டுத்தான் காட்டணும். வீட்ல பேப்பர் இருக்கா, இல்ல மருந்துச் சீட்டுதானா?"

"வா. கட்டுக் கட்டா இருக்கு."

வாதம் வீட்டுக்குப் போகும் சாலை முழுதும் தொடர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடிகள் இறங்கின, கணைகள் பாய்ந்தன, பச்சை விளக்கு எரிந்தும் படைகள் நகரவில்லை, பின்னால் நின்ற உலகம் ஹாரன்களால் ஓலமிட்டது.

தம்பி செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.