கரையான் சார் பெண் பார்க்க வந்தார்

திருச்சி ஜில்லாவிலேயே நாற்காலியைத் தட்டிப் பார்க்காமல் உட்காராத ஒரே மனிதர் கரையான் சார்தான். தட்டின பிறகாவது உட்காருவாரா என்றால் அதுவும் கிடையாது. காலேஜில் விலங்கியல் வாத்தியார். தென்னூரில் அவர் தட்டாத கட்டில் இல்லை, காது வைத்துக் கேட்காத கதவு நிலை இல்லை. பையன்கள் ஆசையாகப் புற்றுக் கரையான் பிடித்து வந்தால், "இது எனக்கு எதுக்குடா? மேஜை நாற்காலிய அரிக்கிறது வேணும்! அது வயித்துலதான் நம்ம ஆளுங்க இருக்காங்க!" என்று விரட்டுவார்.

'நம்ம ஆளுங்க' என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள். கரையான் மரத்தைத் தின்னுமே தவிர, செரிக்க வைப்பது அவைதானாம்.

ஐம்பதுகளின் கடைசியில், அப்பேர்ப்பட்டவர் ஸ்ரீரங்கத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். அப்பாவுக்கு மரக்கடை. "நம்ம கடை மரத்துல கரையான் வாய வைக்காது" என்று நாளைக்கு நாலு தரம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வந்தவர் வந்ததும் நாற்காலியைத் தட்டினார். சீராகக் கொடுக்கப்போகும் மரத்தைச் சோதிக்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். "நல்லாத் தட்டுங்க தம்பி! எல்லாம் நம்ம கடை மரம்!"

நான் கேசரித் தட்டோடு வந்தேன். மனுஷன் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து நாற்காலியடியில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, ரவை சிந்திக் கெடக்கே!" என்று அம்மா பதறினாள்.

"ரவை இல்லீங்கம்மா. கரையான் எச்சம்!" உள்ளங்கையை நீட்டினார். முகமெல்லாம் பல்.

கூடத்தில் அத்தனை பேரும் கேசரி வாயோடு விழித்தார்கள். "பொண்ணு பாக்க வந்தியா, எச்சம் பொறுக்க வந்தியா? எந்திரிய்யா!" என்று அப்பா கத்தினார். அவர் எங்கே உட்கார்ந்தார், எழுந்திருக்க?

அதற்கு முன்பு வந்தவர்கள் எல்லாம் என் நிறத்தையும் நகையையும் பார்த்து மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். எங்கள் வீட்டில் எதையோ பார்த்துச் சந்தோஷப்பட்டவர் இவர் ஒருத்தர்தான். அவரை விட்டுவிட எனக்கு மனசில்லை.

அவரோ அதற்குள் ஜோல்னாப் பையிலிருந்து சின்ன மைக்ராஸ்கோப் ஒன்றை எடுத்து, நாற்காலியில் கிடைத்த கரையானோடு ஜன்னலோரம் போய்விட்டார். "வந்து பாருங்களேன்!" என்றார், யாரிடம் என்றில்லாமல். நான் போனேன். கரையான் வயிற்றைப் பிதுக்கிவிட்ட ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் உடம்பெல்லாம் மயிர் முளைத்த என்னென்னவோ ஓடின, முட்டின, திரும்பி ஓடின.

"ஒண்ணு கூட ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே! உங்கள மாதிரியே இருக்குங்க" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா, இவரையே முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் குசுகுசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது. "இவன வெளிய விட்டா நம்ம மரத்துல கரையான்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சிருவான்டி. மாப்பிள்ளையாக்கிட்டா வாயத் தொறக்க மாட்டான்!"

இப்படித்தான் என் கல்யாணம் நடந்தது. சீராக அவர் கேட்டது அந்த நாற்காலி ஒன்றைத்தான்.

இப்போது அவர் இல்லை. நாற்காலிக்கு மருந்தடிக்கலாம் என்று மகன் நச்சரிக்கிறான். "கைய வச்சுப் பாரு, தெரியும்" என்றிருக்கிறேன். அவர் ஓடாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. காலையில் நாற்காலியடியில் அந்த ரவை உதிர்ந்து கிடந்தால், உள்ளே அவருடைய ஆட்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று மனசு கொஞ்சம் ஆறுகிறது.