சத்தம் போடாத பெட்டி

கரடிச்சோலை வில்லேஜ் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதற்கு ஒரே ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்கு, நூற்று நாற்பது படி கீழே இருக்கும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயக் குடியிருப்பு வரைக்கும் கேட்கிற ஒரே ஒரு சத்தம் உண்டு. அரசாங்கம் அந்த மலைக்குச் செய்து கொடுத்த வசதிகளில் கரண்ட் இருக்கிற நாளெல்லாம் தவறாமல் கிடைத்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

பெட்டிக்குப் பொறுப்பு கபிரியேல். ஆறு வருஷமாகக் கரார் என்கிற ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர். கரார் என்பது வருஷா வருஷம் மார்ச் மாதக் கடைசியில் செத்து, ஆபீஸர் மனம் வைத்தால் ஏப்ரலில் உயிர்த்தெழுவது. அவருடைய மகள் ஜிஸ்மி கோட்டயத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கரார் எழுந்தால் அவள் மூன்றாம் வருஷம் போவாள். எழாவிட்டால் ஊருக்கு வந்து அம்மா ரோசியோடு கொழுந்து கிள்ளப் போவாள். அவளுடைய உதவித்தொகைக்கு ஒரு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று ரோசி தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கிறவன், அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கபிரியேல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபீஸர் பூபதிராஜா கிழக்குப் பாலக்காட்டுக்காரர். தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். மாற்றலாகி மலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி நல்ல மனுஷர். தனக்குக் கீழே இருப்பவர்களைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

வினை ஜனவரியில், திரை வழியாக நடந்த ஆய்வுக் கூட்டத்தில் வந்தது. பூபதிராஜா நாற்காலியில் உட்கார்ந்து புள்ளிவிவரம் வாசித்தார். பக்கத்தில் பெட்டி, இரண்டாம் கியரில் மலையேறும் ஜீப் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மேலிடத்துக்குக் கேட்டது ஜீப்தான். பணி நேரத்தில் வாகனத்தில் பயணித்தவாறே கூட்டத்தில் கலந்துகொண்டமைக்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தருக என்று மறுநாளே மெமோ வந்தது. நான் நாற்காலியில்தான் இருந்தேன் என்று பூபதிராஜா உண்மையை எழுதினார். அப்படியானால் மேற்படி நாற்காலியின் பதிவு எண்ணையும் ஓட்டுநரின் பெயரையும் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது.

"ஏனுங்க கபிரியேல், மார்ச் கூட்டத்துக்குள்ள இந்தச் சத்தம் நிக்கோணுமுங்க" என்றார் பூபதிராஜா. "நின்னா உங்க கராருக்கு நானே நல்லபடியா எழுதிப்போடறேன். நிக்கலீன்னா நாம ரெண்டு பேருமே ஜீப்புல ஏறிப் போயிர வேண்டியதுதானுங்க."

நோய் என்ன என்று கபிரியேலுக்குத் தெரியும். பெட்டி ஒடுக்கம். தகடு அப்பளக் கனம். உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் ஒயர்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன.

"சின்ன ஃபேன் சாரே. சூட்டத் தணிக்கணும்னு ஓடி ஓடிக் கத்துது. பெட்டி விசாலமா இருந்தா பெரிய ஃபேன் வைக்கலாம். பெருசு மெதுவாச் சுத்துனாலே போதும், சத்தமே இருக்காது."

பூபதிராஜா பேனாவை எடுத்தார். "நம்ம டிபார்ட்மெண்டும் அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு, மூவாயிரம் ரூபாய்க்கு மிகாமல் ஒரு பெட்டி வாங்க அனுமதி கேட்டு எழுதினார்.

அனுமதி வந்ததும் கபிரியேல் அடிமாலியில் ஜோபியின் கடைக்குப் போனார். கடை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பும் நீலமும் பச்சையுமாக, பெருநாள் பந்தல் மாதிரி விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையடக்கமான பெட்டிக்குள் ஆறு ஃபேன். ஆறும் காற்றுக்கு அல்ல, கலருக்கு. எது சத்தம் போடாது என்று கபிரியேல் கேட்டார். நாலு வருஷமாகக் கடை நடத்தும் ஜோபிக்குக் கேள்வி புதிதாக இருந்தது.

"சத்தம் பத்தி யாரும் கேட்டதில்லண்ணா. எத்தனை கலர் மாறும்னுதான் கேப்பாங்க."

"உள்ள எடம் தாராளமா இருக்குமா?"

"உள்ள இருக்கது வெளிய தெரியணும், அதான் இப்போ மோஸ்தர். எடம் இருக்கான்னு எவன் பாக்குறான்?"

கடைசியில் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். கறுப்பு இரும்புப் பெட்டி. கனத்த தகடு, இரண்டு கதவிலும் உள்பக்கம் ஒட்டிய பஞ்சுப் பட்டை, முன்னால் தூசி வலை, உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஃபேன். கபிரியேல் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார், எங்கும் இடிக்கவில்லை. கதவைத் தட்டினார், கிண்ணென்று அதிராமல் மரக்கதவு மாதிரி பொத்தென்றது. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. விலை இரண்டாயிரத்து நானூறு என்று ஜோபி கூச்சத்தோடு சொன்னார். ஒரு லைட்டுகூட இல்லாததை இந்த விலைக்கு விற்பது அவருக்கே பாவமாக இருந்தது. விதிப்படி வேண்டிய மற்ற இரண்டு விலைப்புள்ளிகளையும் பக்கத்துக் கடைகளின் லெட்டர்பேடில் அவரே கூட்டி எழுதிக் கொடுத்தார். போட்டி முறையாக நடந்தது.

பெட்டி வந்ததும் அதை ஏற்றுக்கொள்ள ஒரு கமிட்டி அமைந்தது. இடவசதி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கட்டடப் பிரிவு ஓவர்சியர் ஜானகியம்மாள் டேப்போடு வந்தார். நாலு பக்கமும் அளந்தார். காற்றோட்டம் தேவைக்கு அதிகம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று குறித்துக்கொண்டார். 'தரைப்பரப்பு ஒன்றே கால் சதுர அடி. மனித வாசத்துக்கு ஏற்றதல்ல. அலுவலக உபயோகத்துக்குப் போதுமானது' என்று அறிக்கை கொடுத்தார். அடுத்தது ஒலிச் சோதனை. கம்ப்யூட்டரை ஓடவிட்டு எல்லோரும் ஐந்து நிமிஷம் மூச்சடக்கி நின்றார்கள். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பது அனைவராலும் கேட்டு உறுதி செய்யப்பட்டது.

உண்மையிலேயே கேட்கவில்லை. சத்தமே வாழ்க்கையாகிப்போன கபிரியேல், திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஓடுவதைத் தெரிந்துகொண்டார். பூபதிராஜா எட்டு மாதத்தில் முதல் முறையாக ஜன்னலுக்கு வெளியே ஓடை ஓடுவதைக் கேட்டார். "கரார் ஆச்சுன்னே வெச்சுக்குங்க" என்றார். கபிரியேல் அன்று ராத்திரி ஜிஸ்மிக்குப் போன் போட்டு, மூன்றாம் வருஷத்துப் புத்தகங்களைப் பழசாக யாரிடமாவது இப்போதே சொல்லிவைக்கச் சொன்னார்.

மறுநாள் ஆபீஸுக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. மனு இல்லை, பெஞ்சில் ஆள் இல்லை. பிப்ரவரி மாதப் பட்டியலில் பெட்டி வந்த நாளிலிருந்து 'வந்தவை: இல்லை, நிலுவை: இல்லை' என்று கபிரியேலே தட்டி அனுப்பினார். மார்ச் கூட்டத்தில் மேலிடம் அந்தப் பட்டியலை மற்ற ஆபீஸர்களுக்கு வாசித்துக் காட்டி, கரடிச்சோலைக்கு 'நிலுவையற்ற அலுவலகம்' என்று ஒரு கேடயம் அறிவித்தது. ஜீப் விவகாரம் முடித்துவைக்கப்பட்டது. பூபதிராஜா நன்றி சொல்லிக் கண் கலங்கினார்.

கேடயத்தோடு ஒரு கடிதமும் வந்தது. பணியே இல்லாத இடத்தில் பணியாளர் இருப்பது வீண் செலவாகையால், கம்ப்யூட்டர் ஓட்டுநர் பணியிடம் மார்ச் முப்பத்தொன்றோடு ரத்து.

கபிரியேல் அதை மூன்று தரம் படித்தார். பிறகு வேலை நேரத்திலேயே எழுந்து நூற்று நாற்பது படியும் இறங்கி லயத்துக்குப் போனார். அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லயத்து வாசலில் மொக்கையன் விறகு பிளந்துகொண்டிருந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பெரிய ஃபேன்களை முப்பது வருஷம் ஓட்டியவர். இப்போது தொழிலாளர்களுக்குத் தலைவர். ஏன் ஒருத்தரும் மேலே வருவதில்லை என்று கபிரியேல் கேட்டார்.

"ஆபீஸைத்தான் பூட்டிட்டாங்களே" என்றார் மொக்கையன்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சத்தம் நின்னு ஒரு மாசம் ஆச்சுல்ல. ஃபேக்டரியில ஃபேன் நின்ன அன்னைக்கு நமக்கு யாரு சொன்னா? காதுதான் சொல்லுச்சு."

அந்த மலையில் பிறந்த எவருக்கும் காதுதான் சொல்லும். ஃபேக்டரி ஃபேன் இரைந்தால் கொழுந்து வாடுகிறது, கூலி உண்டு, நின்றால் கதவடைப்பு. ஒரு தரம் நின்றபோது பதினொரு மாதம் கப்பைக்கிழங்கு தின்று கிடந்தார்கள், கபிரியேலின் அப்பா உள்பட. அரை நாள் கூலியை விட்டுப் படி ஏறுகிறவன் சத்தம் கேட்டால்தான் ஏறுவான். அவருடைய வீட்டில் ரோசிகூட அந்த ஒரு மாதமும் அவரை ஒருவிதமாகப் பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம் இப்போதுதான் புரிந்தது. பூட்டிய ஆபீஸுக்கு இவர் தினமும் சோறு கட்டிக்கொண்டு எங்கே போகிறார் என்று அவள் யோசித்திருக்கிறாள்.

"பூட்டல தலைவரே, ஓடுது. சத்தமில்லாம ஓடுது."

மொக்கையன் கோடாலியைக் கீழே வைத்தார். "சத்தமில்லாம வேலை நடக்குற ஆபீஸை எங்க அப்பனும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. நீ நல்ல பயதான். ஒன்னை வெச்சு எங்களை ஏய்க்காங்க."

திங்கட்கிழமை அறுபது பேர் ஆபீஸ் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஆபீஸைத் திற என்று கோஷம் போட்டார்கள். பூபதிராஜா திறந்திருந்த கதவு வழியாக வெளியே வந்து, ஆபீஸ் திறந்துதான் இருக்குதுங்க என்றார். அப்படியானால் சத்தம் எங்கே என்று மொக்கையன் கேட்டார். உள்ளே வந்து பாருங்கள் என்றார் பூபதிராஜா. பத்துப் பேர் உள்ளே போய், ஓடுகிற கம்ப்யூட்டரின் முன்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. திரையில் படம் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று வெளியே வந்து சொன்னார்கள். கோஷம் இரண்டு மடங்காயிற்று.

பூபதிராஜா மேலிடத்துக்கு எழுதினார். பழைய பெட்டியையே திரும்ப மாட்டலாமா என்று கேட்டதற்கு, புதிய பெட்டியின் ஆயுள் ஏழு வருஷம், அதற்குமுன் கழற்றினால் அரசுக்கு இழப்பு என்று பதில் வந்தது. சத்தத்துக்கென்று தனியாக நிதி உண்டா என்று கேட்டதற்கு, சத்தத்துக்கு இல்லை, ஆனால் 'மக்கள் தொடர்பு' என்ற தலைப்பில் செலவாகாத தொகை இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்றாவது பதிலில் எல்லாம் தீர்ந்தது. பழைய பெட்டியை, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஃபேனை மட்டும் வைத்து, லயத்தைப் பார்த்த வெளிச்சுவரில் பொருத்தலாம். அதைக் காலை பத்து மணிக்குப் போடவும் மாலை ஐந்து மணிக்கு நிறுத்தவும் 'மக்கள் தொடர்பு ஒலி உதவியாளர்' ஒருவரைக் கரார் அடிப்படையில் நியமிக்கலாம்.

"உங்களைத்தானுங்க எழுதியிருக்கேன்" என்றார் பூபதிராஜா. "சம்பளத்துல ஐந்நூறு கூடவுங்க."

"கம்ப்யூட்டரை யாரு சாரே ஓட்டுறது?"

"அந்தப் போஸ்ட்டுத்தான் ரத்தாயிப்போச்சுங்களே. ஒருத்தர் ரெண்டு கரார் பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்குதுங்க."

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கபிரியேல் சுவிட்சைப் போட்டார். பெட்டி இரைந்தது. லயத்திலிருந்து கைதட்டல் கேட்டது. உள்ளே புதுப் பெட்டியின் மேல், தூசி படாமல் இருக்க, பூபதிராஜா ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி, அதன் மேல் கேடயத்தை வைத்தார். ஜிஸ்மி மூன்றாம் வருஷம் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. முதல் வாரம் நாலைந்து பேர் மனுவோடு மேலே வந்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஆள் வரட்டும் என்று கபிரியேல் சொன்னார். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இரைச்சலைக் கேட்டுவிட்டு, ஓடுதுல்ல, அது போதும் என்று இறங்கிப் போனார்கள். பிறகு அதற்கும் ஏறி வரவில்லை. கீழேயே நன்றாகக் கேட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மழையில் மரம் விழுந்து கரண்ட் போயிற்று. பெட்டி நின்றது. பத்து நிமிஷத்துக்குள் மொத்த லயமும் நனைந்துகொண்டே படியேறி வந்துவிட்டது. எல்லார் கையிலும் பாலிதீன் பையில் சுற்றிய மனு இருந்தது. நாலு மாசமாச் சான்றிதழ் கிடைக்கலை, இந்த நேரம் பார்த்து ஆபீஸைப் பூட்டிட்டீங்களே என்று மொக்கையன் சத்தம் போட்டார். ரோசியும் வந்திருந்தாள். ஜிஸ்மிக்கான மனுவைப் புருஷன் கையில் திணித்து, இந்த மாசம் கடைசித் தேதி, ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். கபிரியேலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டர் அறையைப் பார்த்தார். சாவி பூபதிராஜாவின் மேஜையில்தான் இருந்தது. கரண்ட் வந்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. இன்றைக்குச் சாவியைக் கேட்டே தீர்வது என்று இரண்டடி எடுத்து வைத்தார்.

அப்போது கரண்ட் வந்தது. வெளிச்சுவரில் பெட்டி ஒரு தரம் இருமிவிட்டு, வழக்கம்போல இரையத் தொடங்கியது. முற்றத்தில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மொக்கையன் தன் மனுவை மடித்து மறுபடி பைக்குள் சுற்றினார். ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கினார்கள். ரோசியும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்களோடு போனாள்.

கபிரியேல் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜிஸ்மியின் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆபீஸ்தான் ஓடுகிறதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.