வீட்டுக்கு அளவெடுத்த உங்கள் அக்கா

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும் சளி, இருமல் அண்டாமல் நன்றாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் போனில், “அந்தக் குளிர்ல விரல் விறைச்சுப்போய் என் அக்கா தைக்கணுமா? குளிர் முடியற வரைக்கும் இங்க கூட்டிட்டு வந்துடறேன்” என்று ஒரே போடாகப் போட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவளை விட்டு நான் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்ததில்லை. இதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆகவே ஹீட் பம்ப் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினேன். வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் வழித்தெடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிற மெஷின் அது.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் அல்லவா, கடைக்குள் நுழைந்ததும் இருப்பதிலேயே பெரியதாக ஒன்று எடுங்கள் என்றேன். கடைக்காரரும் சிரித்த முகமாக பில் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அப்போதுதான் உங்கள் அக்கா குறுக்கே வந்தாள். “அளவு எடுக்காம நான் ஒரு சட்டை தைக்க மாட்டேன். வீட்டுக்கு அளவு எடுக்காம மெஷின் வாங்குவீங்களா?” என்றாள். கடைக்காரர் புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள் இன்ச் டேப்பும் கையுமாக இறங்கினாள் பாருங்கள், அறை, கதவு, ஜன்னல் ஒன்று விடவில்லை, ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும் ஒரு தையல் நூலைத் தொங்கவிட்டு, காற்றுப் புகுந்து நூல் ஆடுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி மிஞ்சிய துணியில் பஞ்சு திணித்து நீளநீளமாகத் தைத்து அத்தனை இடுக்கையும் அடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதன்பிறகு கடையிலிருந்து வந்த இன்ஜினியர் அம்மாள் கணக்குப் போட்டுவிட்டு, நான் கேட்டதில் பாதி அளவே தாராளம் என்றார். தேவைக்கு மேல் பெரியதாக வாங்கினால் கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி கிளம்பும், மின்சாரம்தான் வீணாகுமாம். வேகம் மாறுகிற மாடலாக இருந்தால் குளிருக்குத் தகுந்தாற்போல் கூட்டியும் குறைத்தும் ஓடுமாம். நான் அரைமனதாகத் தலையாட்டியதை உங்கள் அக்கா கவனித்துவிட்டாள். “ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாத்தி மாத்தி மிதிக்கிற டிரைவரை எத்தனை தடவை திட்டியிருக்கீங்க? இது சீரா ஓட்டற டிரைவர்” என்றாள். என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டாள், மச்சான். அதோடு விட்டாளா? இருப்பதிலேயே குளிரான நாளில் இது எவ்வளவு சூடு தரும் என்று ஒரு கேள்வி போட்டாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை யாருமே கேட்பதில்லை என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மெஷினைப் பொருத்திவிட்டுப் போனார்கள். சத்தமே இல்லை. சத்தம் இல்லாத எஞ்சினை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? டிப்போவில் எஞ்சின் சத்தம் கேட்கிற வழக்கப்படி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை வீட்டுக்கு வெளியே வைத்த மெஷின்மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துக் கேட்டேன். மயங்கி விழுந்துவிட்டேன் என்று எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து முகத்தில் அடித்தார். சத்தமில்லை என்றால் ஏதோ கோளாறுதான், எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினை அணைத்துவிட்டு, ரிப்பேர் என்று கடைக்குப் போன் போட்டேன். வந்த இன்ஜினியர் அம்மாளிடம் உங்கள் அக்கா, “நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்க. இவர்தான் நிறுத்திட்டார்” என்று நிதானமாகச் சொன்னாள்.

இப்போது வீடு முழுக்க இதமான சூடு. உங்கள் அக்கா விரல் விறைக்காமல் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோத்துவிடுகிறாள். இப்படி ஒரு மூளைக்காரியை எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் குடும்பத்துக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. ஆகையால் அவளை அழைத்துப்போக நீங்கள் வரவேண்டிய அவசியம் இல்லை.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, தம்பி ஊரிலும் குளிர்தான், அவன் வீட்டு ஜன்னல்கள் நம்முடையதைவிட மோசம், அவனாக ஒருநாளும் அளவெடுக்க மாட்டான் என்று சொல்லிப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை புறப்பாடு. உங்கள் வீட்டில் மெஷின் பொருத்தி முடிய ஒரு மாதமாவது ஆகுமாம், அதுவரை அங்கேதானாம். அவள் இல்லாத வீடு எவ்வளவு சூடாக இருந்து எனக்கு என்ன? வெள்ளிக்கிழமை இரண்டு பேராக வருகிறோம். எனக்கும் ஒரு கம்பளி எடுத்து வையுங்கள்.